பொதுத்தேர்தல் முடிவுகளை நாமே அலசிப் படிப்பது எப்படி: சிங்கப்பூர் வாக்காளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சமூக மன்ற வாசிப்பு வட்டங்களிலும் உறவினர் கூடும் வீடுகளிலும் தேர்தல் முடிவுகளைப் பற்றிப் பேச்சு எழும்போது, பேசுகிறவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவு இருப்பதில்லை. எந்த எண்ணை முதலில் எடுப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது என்ற வரிசைதான் தவறிப்போகிறது. பெரும்பாலோர் "மக்கள் என்ன நினைத்தார்கள்" என்ற கேள்வியில் தொடங்கி, அதற்குப் பொருந்தும் எண்களைப் பிறகு தேடுகிறார்கள். உண்மையில் அந்தக் கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல உண்டு. அவற்றை, 2025 மே 3ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்து, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, தேர்தல் துறை வெளியிடும் முடிவு அட்டவணை. நடந்து முடிந்த தேர்தலுக்கு ஒன்றும், அதற்கு முந்தைய தேர்தலுக்கு ஒன்றுமாக இரண்டு வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களை வைத்துத் தொடங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் விழுக்காடு மட்டுமே இருக்கும், வாக்கு எண்ணிக்கை இருக்காது.

இரண்டாவது, தேர்தல் எல்லை மறுஆய்வுக் குழுவின் அறிக்கையும் வரைபடங்களும். 2025 தேர்தலுக்கான அறிக்கை அந்த ஆண்டு மார்ச் 11ஆம் தேதி வெளியானது. இதைப் புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய எல்லாருமே விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆறாவது படி முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, ஒரு கணக்குத்தாள். எக்செல் தெரிந்தால் அதில் செய்யலாம், தெரியாவிட்டால் கோடு போட்ட நோட்டுப்புத்தகமே போதும். தொகுதியின் பெயர், அதற்குரிய இடங்கள், பதிவான வாக்காளர், செல்லுபடியான வாக்குகள், ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்குகள், முந்தைய தேர்தலின் விழுக்காடு, எல்லை மாறியதா, வேட்பாளர் மாறினாரா என்று எட்டுப் பத்திகளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு பத்திகளையும் இப்போதே போட்டு வைப்பது முக்கியம், ஏனென்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் சேர்ப்பதே இல்லை.

1. முடிவு வரும் இரவில் எண்களைக் குறித்து மட்டும் வையுங்கள்

இரவு 8 மணிக்கு வாக்களிப்பு முடிந்த பிறகு முதலில் வெளியாவது மாதிரி வாக்கு எண்ணிக்கை. ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலிருந்தும் 100 வாக்குச்சீட்டுகளைக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணி, அந்தந்த நிலையத்தில் பதிவான வாக்குகளுக்கு ஏற்ப எடையிட்டு இதைக் கணக்கிடுகிறார்கள். 95 விழுக்காட்டு நம்பகத்தன்மையுடன் கூட்டியோ குறைத்தோ 4 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை இதில் பிழை இருக்கலாம்.

இதன் பொருள் என்னவென்றால், மாதிரி எண்ணிக்கை ஒரு தொகுதியில் 65க்கு 35 என்று காட்டினால் வெற்றி யாருக்கு என்று சொல்லிவிடலாம். 52க்கு 48 என்று காட்டினால் சொல்ல முடியாது. பிந்தைய நிலையிலும் உடனே கொண்டாடுவதும் கண்கலங்குவதும் ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கின்றன. மாதிரி எண்ணைத் தனியே ஓர் ஓரத்தில் குறியுங்கள். இறுதி எண் வந்ததும் மாதிரி எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இறுதி எண்ணிலும் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டில் வாழும் சிங்கப்பூரர்களின் வாக்குகள் சில நாள் கழித்துச் சேர்கின்றன. 2020 தேர்தலில் ஆளுங்கட்சியான மக்கள் செயல் கட்சியின் தேசிய வாக்கு ஓரிடத்தில் 61.24 என்றும் மற்றோரிடத்தில் 61.23 என்றும் இருப்பதைப் பார்த்து எது பொய் என்று கேட்டவர்கள் உண்டு. எதுவும் பொய்யில்லை. நீங்கள் எந்த அட்டவணையை எடுத்தீர்களோ, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். நான் கீழே 61.24ஐ எடுத்திருக்கிறேன்.

2. போட்டி நடந்த தொகுதிகளை முதலில் பிரித்தெடுங்கள்

2025இல் பலர் ஒரு குழுவாக நிற்கும் 18 குழுத்தொகுதிகளும் ஒருவரே நிற்கும் 15 தனித்தொகுதிகளும் சேர்ந்து 33 தொகுதிகள், 97 இடங்கள். அவற்றுள் ஐந்து இடங்கள் கொண்ட மரின் பரேட்–பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில் வேட்புமனுத் தாக்கல் நாளன்றே போட்டியின்றி முடிவு தெரிந்துவிட்டது. எனவே உங்கள் தாளில் அந்த வரிசையில் வாக்கு எண்ணிக்கை என்ற கட்டமே காலியாக இருக்க வேண்டும். அங்கே 100 என்றோ 0 என்றோ எழுதினால் பின்னால் வரும் கூட்டல்கள் எல்லாம் கெட்டுவிடும்.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், தேசிய வாக்கு விழுக்காடு என்று நாம் சொல்லும் எண் போட்டி நடந்த தொகுதிகளை மட்டுமே பிரதிநிதிக்கிறது என்பதுதான். 2001இல் மக்கள் செயல் கட்சி பெற்றது 75.29 விழுக்காடு; 2015இல் 69.86. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆதரவு சரிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள், 2001இல் 84 இடங்களில் 55 இடங்களுக்குப் போட்டியே இல்லை என்பதையும், 2015இல் எல்லா இடங்களுக்கும் போட்டி இருந்தது என்பதையும் பார்ப்பதில்லை. முதல் எண் நாட்டின் ஒரு பகுதியினர் சொன்னது, இரண்டாவது நாடு முழுவதும் சொன்னது. இவற்றைக் கழித்து வரும் விடைக்குப் பொருள் கிடையாது.

3. எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

பதிவான வாக்காளர், வாக்களித்தவர், செல்லுபடியான வாக்குகள் என்று மூன்று எண்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் உண்டு. கட்சிகளின் விழுக்காடு எப்போதும் செல்லுபடியான வாக்குகளால் வகுத்தே சொல்லப்படுகிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் எண்கள் செய்தித்தாளோடு ஒத்துப்போகாது, பிழை எங்கே என்று தேடுவதிலேயே மாலை கழிந்துவிடும்.

வாக்குப்பதிவு விகிதத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இங்கே வாக்களிப்பது கட்டாயம். வாக்களிக்காதவரின் பெயர் வாக்காளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். தகுந்த காரணமில்லாதவர் அதை மீட்க 50 வெள்ளி கட்ட வேண்டும். ஆகவே விகிதம் 2020இல் 95 விழுக்காட்டைத் தாண்டியிருந்து 2025இல் 93 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். கட்டாயமில்லாத நாடுகளில் செய்வதுபோல் அதைக் கட்சி ஆதரவின் அளவுகோலாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

மற்றொரு பிழை சராசரியில் வருகிறது. தொகுதி விழுக்காடுகளைக் கூட்டி, தொகுதிகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தேசிய வாக்கு என்று சொல்லிவிடுகிறார்கள். குழுத்தொகுதிகள் பலவற்றில் 100,000க்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருக்கிறார்கள். தனித்தொகுதிகளில் பெரும்பாலும் 20,000க்கும் 35,000க்கும் இடைப்பட்ட எண்ணிக்கைதான். இரண்டுக்கும் சம எடை தந்தால் வரும் எண் பிழையானது. வாக்குகளைக் கூட்டுங்கள், பிறகு ஒரே ஒருமுறை வகுங்கள்.

4. ஒரு கட்சிக்கு இரண்டு விழுக்காடுகளை எழுதுங்கள்

எல்லாத் தொகுதிகளிலும் போட்டியிடுவது இங்கே ஒரே ஒரு கட்சிதான். மற்றக் கட்சிகள் தேர்ந்தெடுத்த சில தொகுதிகளில் மட்டும் நிற்கின்றன. அதனால் அவற்றின் தேசிய விழுக்காடு, மக்கள் ஆதரவை எவ்வளவு காட்டுகிறதோ அதே அளவுக்கு, எத்தனை இடங்களில் ஆள் நிறுத்தினார்கள் என்பதையும் காட்டுகிறது.

பாட்டாளிக் கட்சியை எடுத்துக்கொள்வோம். 2020இல் 21 இடங்களுக்குப் போட்டியிட்டுத் தேசிய அளவில் 11.22 விழுக்காடு பெற்றது. 2025இல் 26 இடங்களுக்குப் போட்டியிட்டு 14.99 விழுக்காடு பெற்றது. இதை மட்டும் பார்த்தால் பெரிய வளர்ச்சி. ஆனால் அக்கட்சி போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் கணக்கிட்டால் 2020இல் 50.49 விழுக்காடு, 2025இல் 50.04 விழுக்காடு. நின்ற இடங்களில் சராசரி ஆதரவு அரை விழுக்காட்டுப் புள்ளி அளவுக்கு இறங்கியிருக்கிறது.

இரண்டில் எது சரி என்று கேட்கிறார்கள். இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை. கட்சி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கேட்டால் முதலாவதும், சென்ற இடத்தில் எவ்வளவு ஊன்றியிருக்கிறது என்று கேட்டால் இரண்டாவதும் விடையாகும். ஒன்றை மட்டும் எழுதுகிறவர் பாதிச் செய்தியைத்தான் தருகிறார். எந்தக் கட்சிக்கு ஆதரவாக எழுத விரும்புகிறாரோ அதற்கேற்ற பாதியைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது, அதனால் இரண்டையும் எப்போதும் சேர்த்தே கேளுங்கள்.

சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கும் இதே கவனம் வேண்டும். அதன் தேசிய விழுக்காடு 2020இல் 10.18, 2025இல் 4.89. பாதிக்கும் கீழே சரிந்துவிட்டது என்று சொல்வதற்கு முன், போட்டியிட்ட இடங்கள் 24இலிருந்து 13ஆகக் குறைந்ததையும் எழுத வேண்டும். ஆதரவு குறைந்தது உண்மை; அந்த எண் காட்டும் அளவுக்கு அல்ல.

5. வாக்கு எப்படி இடமாக மாறியது என்று பாருங்கள்

வாக்கு விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இட விழுக்காட்டையும் எழுதுங்கள். மக்கள் செயல் கட்சி 2011இல் 60.14 விழுக்காட்டு வாக்குக்கு 87இல் 81 இடங்களைப் பெற்றது, அதாவது 93 விழுக்காடு. 2020இல் 61.24 விழுக்காட்டு வாக்குக்கு 93இல் 83, அதாவது 89 விழுக்காடு. வாக்கு கூடியிருக்கிறது, இடப்பங்கு குறைந்திருக்கிறது. 2025இல் வாக்கு 65.57ஆக உயர்ந்தபோதும் 97இல் 87 இடங்கள், ஏறக்குறைய 90 விழுக்காடுதான்.

காரணம் தேர்தல் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்கு பெற்றவருக்கே அல்லது அதிக வாக்கு பெற்ற குழுவுக்கே எல்லா இடமும் போகும். ஆகவே எதிர்க்கட்சி வாக்குகள் நாடெங்கும் பரவிக் கிடந்தால் இடமாக மாறுவதில்லை. ஓரிடத்தில் குவிந்து பாதியைத் தாண்டினால், நான்கோ ஐந்தோ இடங்கள் ஒரே நேரத்தில் கை மாறுகின்றன. 2020இல் செங்காங் அப்படித்தான் நான்கு இடங்களைத் தந்தது. 2025இல் நாடு முழுவதும் ஆளுங்கட்சியின் பக்கம் வாக்கு நகர்ந்தபோதும் அல்ஜுனிட், செங்காங், ஹவ்காங் மூன்றும் அசையவில்லை.

இந்தப் படியிலேயே தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் கணக்கையும் முடித்துவிடுங்கள். எதிர்க்கட்சிகளுக்குக் குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும் என்பது விதி. 10 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதால் மீதி இரண்டு. தோற்றவர்களுள் அதிக விழுக்காடு பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு போகும். ஜாலான் காயுவில் பாட்டாளிக் கட்சிக்கு 48.53, தெம்பனிசில் அதே கட்சிக்கு 47.37, செம்பவாங் வெஸ்ட்டில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சிக்கு 46.81. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஒரு கட்சி நாடாளுமன்றத்தில் இடம்பெறும் வாய்ப்பை இழந்திருக்கிறது. இங்கே பார்க்கப்படுவது விழுக்காடு. வாக்கு எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய குழுத்தொகுதிகளே எப்போதும் முன்னால் வந்துவிடும்.

6. எல்லை வரைபடத்தைத் திறந்து வைத்த பிறகே பழைய முடிவோடு ஒப்பிடுங்கள்

அதிகத் தவறுகள் நிகழும் இடம் இது. ஒரே பெயர் இருந்தால் ஒரே தொகுதி என்று நினைத்துக்கொள்கிறோம். 2025 அறிக்கை பெரும்பாலான தொகுதிகளின் எல்லைகளை மாற்றியது. ஈஸ்ட் கோஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. ஆனால் முன்பு மரின் பரேடில் இருந்த ஜூ சியாட் அதனுள் வந்தது. அங்கே ஆளுங்கட்சி 2020இல் 53.39, 2025இல் 58.76. இந்த ஐந்து புள்ளிகளில் எவ்வளவு மனம் மாறியவர்களுடையது, எவ்வளவு புதிதாகச் சேர்ந்த தெருக்களுடையது என்பதை இந்த இரண்டு எண்களிலிருந்து பிரிக்க வழியில்லை.

வெஸ்ட் கோஸ்ட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2020இல் ஆளுங்கட்சி 51.68 விழுக்காட்டில் தப்பித்த தொகுதி அது. 2025இல் வெஸ்ட் கோஸ்ட்–ஜூரோங் வெஸ்ட் என்ற பெயரில் 59.99. புதிதாகச் சேர்ந்த ஜூரோங் வெஸ்ட் பகுதிகள் முன்பு இருந்த ஜூரோங் குழுத்தொகுதியில் ஆளுங்கட்சி 2020இல் 74 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. ஒருவர்கூட மனம் மாறாமல் இருந்திருந்தாலும் புதிய தொகுதியின் விழுக்காடு பழையதைவிட உயர்ந்தே இருந்திருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: தாளில் "எல்லை மாறியதா" என்ற பத்தியை வரைபடத்தைப் பார்த்து நிரப்புங்கள், மாறாத வரிசைகளை மட்டும் வண்ணமிட்டு, முதல் ஒப்பீட்டை அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செங்காங், ஹவ்காங், புக்கிட் பாஞ்சாங் ஆகியவை அப்படி மாறாதவை.

செங்காங்கில் பாட்டாளிக் கட்சி 52.12இலிருந்து 56.31க்கு ஏறியது. ஹவ்காங்கில் அதே கட்சி 61.21இலிருந்து 62.17. புக்கிட் பாஞ்சாங்கில் மக்கள் செயல் கட்சி 53.73இலிருந்து 61.41. இந்த மூன்று வரிகளையும் ஒரே தாளில் பார்க்கும்போது, "2025இல் மக்கள் ஆளுங்கட்சியின் பக்கம் திரும்பினார்கள்" என்ற ஒற்றை வாக்கியம் போதாது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஒரே நாளில், ஒரே நாட்டில், இரண்டு எதிர்த்திசைகளில் வாக்கு நகர்ந்திருக்கிறது.

புக்கிட் பாஞ்சாங்கை நான் யாருக்கும் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன். எல்லையும் மாறவில்லை, இரண்டு தேர்தல்களிலும் லியாங் எங் ஹுவாவும் பால் தம்பையாவும்தான் நேருக்கு நேர் நின்றார்கள். இவ்வளவு தூய்மையான ஒப்பீடு அபூர்வம். அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது: ஐந்து ஆண்டுகளில் 21 வயதை எட்டியவர்கள், குடிபெயர்ந்தவர்கள், இறந்தவர்கள் என்று வாக்காளர் பட்டியலே ஓரளவு மாறியிருக்கும்.

7. வித்தியாசத்தைக் கணக்கிட்டு, பலமுனைப் போட்டியைச் சோதியுங்கள்

வென்றவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள இடைவெளியையும், முடிவு மாறுவதற்குத் தேவையான நகர்வையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜாலான் காயுவில் 51.47க்கு 48.53, இடைவெளி 2.94 புள்ளி. ஒருவர் பக்கம் மாறினால் ஒரு பக்கம் குறைந்து மறுபக்கம் கூடுவதால், இடைவெளியின் பாதிக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 1.5 புள்ளி நகர்ந்தாலே முடிவு மாறியிருக்கும். இடைவெளி 2 விழுக்காடோ அதற்குக் குறைவோ ஆனால்தான் மறு எண்ணிக்கை. ஜாலான் காயு அந்த எல்லைக்குள் வரவில்லை.

பலமுனைப் போட்டி வந்ததும் "வாக்கு பிரிந்ததால்தான் தோற்றார்கள்" என்ற பேச்சு வருகிறது. "அண்ணே, தெம்பனிசில நாலு கட்சி நின்னதாலதானே பாட்டாளிக் கட்சி தோத்துப்போச்சு?" என்று ஒரு தம்பி கேட்டபோது, நான்கு எண்களையும் அவரையே எழுதச் சொன்னேன். மக்கள் செயல் கட்சி 52.02, பாட்டாளிக் கட்சி 47.37, மக்கள் சக்திக் கட்சி 0.43, தேசிய ஒருமைப்பாட்டுக் கட்சி 0.18. சிறிய கட்சிகள் இரண்டின் வாக்கையும் முழுதாகச் சேர்த்தாலும் 47.98தான் வருகிறது. வென்றவர் பாதியைத் தாண்டிவிட்டால் பிரிவினை வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. அந்த வாதத்துக்கு இடமிருக்கும் தேர்தல் 2011 அதிபர் தேர்தல். நால்வர் போட்டியில் டோனி டான் 35.20, டான் செங் போக் 34.85.

8. குழுத்தொகுதி முடிவைத் தனி மனிதருக்கு எழுதாதீர்கள்

குழுத்தொகுதியில் வாக்காளர் இடுவது ஒரே ஒரு குறி, அது குழுவுக்கு. ஓர் அமைச்சர் நின்ற குழு 60 விழுக்காடு பெற்றால், அந்த 60 அவருடைய செல்வாக்கு என்றோ, குழுவில் இருந்த புதுமுகத்தின் பலவீனம் என்றோ சொல்லச் சான்று கிடையாது. குழுவிலுள்ள சிறுபான்மை வேட்பாளருக்குக் கிடைத்த வாக்கு என்று தனியே ஒன்றும் இல்லை. தனி மனிதரைப் பற்றி எழுத விரும்பினால் தனித்தொகுதிகளுக்குப் போங்கள்.

9. யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்ற கேள்விக்கு இப்போது வாருங்கள்

நம்மிடையே அதிகம் கேட்கும் வாக்கியம், "இந்தத் தடவை நம்ம ஆளுங்க இப்படித்தான் போட்டாங்க" என்பது. சொல்பவர் தம் உறவினரையும் நண்பரையும் வைத்துச் சொல்கிறார். தேர்தல் முடிவில் அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

வெளியிடப்படும் முடிவு தொகுதி வாரியானது. இனவாரியாகவோ வயதுவாரியாகவோ வாக்கு எண்ணப்படுவதில்லை. வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதைப் பார்த்து அஞ்சுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணி முடித்த சீட்டுகள் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் வைக்கப்பட்டுப் பிறகு அழிக்கப்படுகின்றன. ஆக, ஒருவரின் வாக்கு இன்னது என்று கூறும் பட்டியல் எங்கும் இல்லை.

தொகுதி முடிவிலிருந்து இனத்தின் மனத்தை ஊகிக்கலாமா என்றால், இங்கே அதுவும் கடினம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் இந்தியர் 9 விழுக்காடு. 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டைகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருப்பதால், இந்தியர் குவிந்து வாழும் தொகுதி என்று ஒன்றைக் காட்ட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தொகுதியில் இந்திய வாக்காளர் 10 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஐந்தில் ஒருவர் பக்கம் மாறினால் தொகுதியின் முடிவு 2 புள்ளி நகரும். மற்ற 90 விழுக்காட்டினரில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று அதிகமானோர் மாறினாலும் அதே 2 புள்ளிதான் நகரும். எண் ஒன்று, கதைகள் இரண்டு. முடிவு அட்டவணை இரண்டில் எதையும் உறுதிசெய்யாது.

வயதைப் பற்றிய பேச்சும் இப்படியே. செங்காங்கில் இளம் குடும்பங்கள் அதிகம், அதனால் இளையர்கள் பாட்டாளிக் கட்சியின் பக்கம் என்று சொல்பவரிடம், பக்கத்திலேயே இளம் குடும்பங்கள் நிறைந்த பொங்கோலில் ஆளுங்கட்சி 55.17 விழுக்காட்டில் வென்றதை எப்படி விளக்குவீர்கள் என்று கேளுங்கள்.

காரணங்களைச் சொல்லும்போதும் ஒரு சோதனை உண்டு. பொருள், சேவை வரி 2023இல் 7இலிருந்து 8ஆகவும் 2024இல் 9ஆகவும் உயர்ந்தது. அது வாக்காளரின் மனத்தில் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது செங்காங்கிலும் புக்கிட் பாஞ்சாங்கிலும் ஒரே அளவில் விதிக்கப்பட்ட வரி. ஒரு தொகுதியில் ஒரு திசையிலும் மற்றொரு தொகுதியில் எதிர்த்திசையிலும் வாக்கு நகர்ந்ததை அந்த வரி மட்டும் விளக்க முடியாது. உள்ளூர் உறுப்பினரின் உழைப்பு, எதிரே நின்ற கட்சியின் மீதுள்ள நம்பிக்கை என்று தொகுதிக்குத் தொகுதி மாறும் ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். என் கணிப்பில், 2025இல் மக்கள் ஆளுங்கட்சியை எடைபோட்ட அளவுக்கு எந்த எதிர்க்கட்சி என்பதையும் எடைபோட்டிருக்கிறார்கள். இது கணிப்பு என்பதால்தான் கடைசியில் சொல்கிறேன்.

மனநிலையை நேரடியாக அறிய கருத்தாய்வுகள்தான் வழி. தேர்தல் ஆணை பிறப்பிக்கப்பட்ட நாள் முதல் வாக்களிப்பு முடியும் வரை அவற்றின் முடிவுகளை வெளியிடச் சட்டம் தடை செய்கிறது. அந்த நாள்களில் உங்களுக்கு வரும் "ரகசியக் கருத்துக்கணிப்பு" எதையும் தாளில் ஏற்றாதீர்கள், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். தேர்தலுக்குப் பிறகு கொள்கை ஆய்வுக் கழகம் போன்றவை நடத்தும் ஆய்வுகளைப் படிக்கும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள், கேள்வியின் சொற்கள் என்ன என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். இந்தியர் என்ற உட்பிரிவுக்குள் வரும் எண்ணிக்கை பெரும்பாலும் சிறிது; சிறிய எண்ணிக்கையில் பிழை வரம்பு பெரிது.

10. ஒரு தொகுதியை எடுத்து ஒரு பத்தி எழுதுங்கள்

கணக்கு முடிந்ததும் எழுதிப் பார்த்தால்தான் எங்கே தாண்டிப் பேசுகிறோம் என்று தெரியும். முதலில் எண், அடுத்து ஒப்பிடத் தகுந்ததா என்ற குறிப்பு, அடுத்து நாடளாவிய நகர்வோடு ஒப்பீடு, கடைசியில் ஊகம். புக்கிட் பாஞ்சாங்குக்கு அது இப்படி அமையலாம்:

"புக்கிட் பாஞ்சாங் தனித்தொகுதியில் மக்கள் செயல் கட்சியின் வாக்கு 53.73இலிருந்து 61.41 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. எல்லையும் வேட்பாளர்களும் மாறவில்லை. நாடளாவிய உயர்வு 4.33 புள்ளி, இங்கே 7.68 புள்ளி. ஆகவே பொதுவான நகர்வுக்கு மேல் உள்ளூர்க் காரணமும் இருந்திருக்க வாய்ப்புண்டு."

"வாய்ப்புண்டு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "இருக்கிறது" என்று எழுதச் சொல்லும் ஆசை வரும். அதை மாற்ற உங்கள் தாளில் எந்தக் கட்டம் இடம் தருகிறது என்று தேடிப் பாருங்கள். கட்டம் இல்லையென்றால் சொல்லை விட்டுவையுங்கள்.

எழுதிய பத்தியை, உங்களுக்கு எதிரான கட்சியை ஆதரிக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். எண்களில் அவர் குறை காணாமல் ஊகத்தில் மட்டும் வாதிட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது. பிறகு தாளை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அடுத்த எல்லை மறுஆய்வு அறிக்கை வெளியாகும் நாளிலேயே "எல்லை மாறியதா" என்ற பத்தியை நிரப்பிவிடுங்கள். வாக்களிப்பு நாளுக்குப் பிறகு அந்த வேலைக்கு நேரமும் பொறுமையும் கிடைப்பதில்லை.